கடைசி வரி

நேதாஜி பைபாஸ் ரோட்டில்
கண்ணாடிக் கடையில் வேலை எனக்கு.
நாள் முழுக்க ஆட்களை உட்காரவைத்து
ஒரு கண்ணை மூடச் சொல்லி
கடைசி வரியைப் படிங்க என்பேன்.
தெரியாதவர்கள் சிரித்துக்கொண்டே
ஏதாவது ஓர் எழுத்தைச் சொல்வார்கள்.

இந்த ஐப்பசியில் படிப்பவன் நான்.
மிட்டாய்ப் பொட்டலத்தைத் திருப்பினால்
விலைக்குக் கீழே, எடைக்குக் கீழே,
மடிப்பில் பசை தின்றது போக
கடுகைவிடப் பொடியாய் இருக்கிறது:
'வேர்க்கடலை கையாளும் இடத்தில் தயாரானது.'
கடையிலிருந்து லென்ஸ் ஒன்று
சட்டைப்பையில் எடுத்து வந்திருக்கிறேன்.
நாலு ரோட்டு மளிகைக்காரர்
யாரோ ஆபீசர் என்று நினைத்து
டீ வரவழைக்கிறார்.

போன தீபாவளிக்கு வர்ணிகாவுக்கு ஆறு வயது.
மாடிவீட்டுத் தட்டில் வந்த பர்பியில்
ஒரு பல் பட்ட அளவு.
முதலில் உதடு. பிறகு இமை.
பிறகு மூச்சு விசிலடித்தது.
பத்தாயிரம் வாலா வெடிக்கிற தெருவில்
என் ஹாரன் யாருக்குக் கேட்கும்?
மெடிக்கல் காலேஜ் போய்ச் சேரும்வரை
பிள்ளையை நடுவில் இறுக்கிக்கொண்டு
சுமலதா ஒன்று இரண்டு மூன்று என்று
எண்ணிக்கொண்டே வந்தாள்.
எதை எண்ணினாள் என்று
இன்றுவரை நான் கேட்கவில்லை.
தொடையில் ஓர் ஊசி.
விடியற்காலம் கண்ணைத் திறந்து
கம்பி மத்தாப்பு மிச்சம் இருக்கா என்றாள்.

கடலை விளைகிற ஊர் இது.
பாலக்கோடு பஸ்ஸில் ஏறினால் வறுத்தது,
காரிமங்கலத்தில் இறங்கினால் அவித்தது,
அதிரசம் வேகிற எண்ணெய் அது,
சட்னியும் அது,
கல்யாண வீட்டில் கை கழுவிய பிறகும்
விரலில் இருக்கிற வாசனை அது.
கொஞ்சம் கொஞ்சமா குடுங்க, பழகிடும்
என்றார் ஒருவர்.
எங்க பசங்க கல்லையே தின்னாங்க
என்றார் இன்னொருவர்.
பதில் இருக்கிறது என்னிடம்.
வரிசையில் பின்னால் ஆள் நிற்கிறார்கள்.

பதினோராவது கடை, சந்தைப்பேட்டைச் சந்து.
தேங்காய் மிட்டாய், ரோஸ் நிறம்.
தேங்காயும் சர்க்கரையும் மட்டும்தானே என்றேன்.
ஆமாங்க என்று பெட்டியை நீட்டியவர்
யாருக்கு என்றார்.
சொன்னேன்.
நீட்டிய கை திரும்பிப் போனது.
"இந்தக் கரண்டிதாங்க
காலையில கடலை மிட்டாய்லயும் போச்சு.
வேணாம்."

அன்று எனக்கு விற்க மறுத்த ஒரே ஆள்.
பேர் கேட்டு எழுதிக்கொண்டேன்: கெம்பண்ணன்.
வேர்வையைத் தோளில் துடைத்தபடி
அவரே சொன்னார்:
கொட்டை எடுத்த புளி, வெல்லம், உப்பு.
உருட்டறது குழந்தைக்கே வரும்.
கரண்டி மட்டும் புதுசா வாங்கிக்குங்க.

அறுபது ரூபாய் கரண்டி.
பாப்பிரெட்டிப்பட்டிப் புளி.
அடுப்பில் வெல்லம் பொங்கி
முதல் ஈடு கரிந்தது.
இரண்டாவது ஈடு ஒட்டியது,
வாணலியில், முழங்கையில், பூனை மேல்.
மூன்றாவதை ஈர்க்குச்சியில் உருட்டி
லென்ஸ் துடைக்கிற தாளில் சுற்றினாள்.
ஒவ்வொன்றிலும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதினாள்
புளி வெல்லம் உப்பு அவ்ளோதான்
என்று.
என் கடை வாசலில் நின்று
எதிர்ச் சுவரில் ஒட்டினாலும்
கண்ணாடி இல்லாமல் படிக்கலாம், அத்தனை பெரிசு.
'உப்பு'வுக்கு மட்டும் புள்ளி விட்டுப்போயிருந்தது.

தீபாவளியன்று தெருவெல்லாம் புகை.
மாடிவீட்டு லோகித் இறங்கி வந்து
வாசல்படிக்கு அந்தப் பக்கமே நின்றான்.
புதுச் சட்டைக் கை முழுக்க ஈரம்.
"சோப்பு போட்டேன். பல்லும் விளக்கிட்டேன்.
இப்ப வரலாமா?"

அவள் எழுந்து போய்
அவன் இரண்டு கையையும் பிடித்து
விரல் விரலாக மோந்து பார்த்தாள்.
சுமலதா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"கட்டைவிரல்" என்றாள் வர்ணிகா.
அவன் மறுபடி
குழாயடிக்கு ஓடினான்.