பெட்டி எண் பதினொன்று

தனிஸ்லாஸ் சாரின் பெட்டிகளில்
இது மட்டும் கனக்கிறது.
தாள்களுக்கு நடுவே ஒரு கல்.
"நைஸ், ஊசிக்குன்று மேற்கு, 3.2.74."
பாராட்டு என்றே நினைத்தேன் முதலில்;
பாறையின் பெயராம்.

புகைப்படங்களில் அளவு காட்டச் சுத்தியல் வைப்பார்;
ஒன்றில் மட்டும் தூக்குச்சட்டி மூடி,
ஓரத்தில் பருக்கை.

வரைபடத்தில் குன்றைச் சுற்றிப்
பதினேழு கோடுகள்.
உச்சியில் பென்சிலால்: "நல்ல காற்று."

எண்பத்தொன்பதில் தட்டச்சு அறிக்கை:
விரிசல் குறைவு. பெரிய பாளங்கள் தேறும்.
பரிந்துரைக்கிறேன்.
கையெழுத்து இரண்டு முறை,
முதலாவது அடித்து.

மேலூர் பஸ்ஸில் போய்ப் பார்த்தேன்.
கோடுகள் இப்போது உள்நோக்கி இறங்குகின்றன.
அடியில் பச்சைத் தண்ணீர்.
குதிக்கிறார்கள் இரண்டு பையன்கள்.

பட்டியலில் "நிலை" என்ற கட்டத்தை விட்டுவிட்டுத்
தபால் தராசில் கல்லை வைத்தேன்:
நானூற்றுப் பத்து கிராம்
குன்று.