தலைமாட்டு எழுத்து

பெட்டிக்கடை என்றால்
பீடியும் சோடாவும் கேட்டு வருவார்கள்.
எங்களுடையது மற்றப் பெட்டி.

பல் கட்டும் சீனர் ஷியே
எழுபத்தொன்பது வயதில் வந்தார்,
பற்சீட்டின் பின்புறம் படம் கீறிக்கொண்டு:
தலைமாடு உயரம், கால்மாடு பதிவு,
இரண்டு நுனியும் மேலே வளைய.
"இது தோணி கா, நாவலடியில போய்க் கேளுங்க"
என்றார் ரொசைரோ ஓடாவி.

அவர் பாஷையில் சவப்பெட்டிக்கும்
பதவி பணத்துக்கும் ஒரே ஓசையாம்.
வீட்டில் கிடந்தால் நல்லதாம்.
எண்பது தாண்டிப் போனால் சிவப்பு.
ஆணி கூடாது,
முதிரையை முதிரையே கவ்வ வேண்டும்.

தலைப்பக்கம் ஓர் எழுத்து.
வலைக்கண் எண்ணுவதுபோல் கோடெண்ணி
நான்தான் தங்க மையில் எழுதினேன்.
முடிந்தபிறகு பொருள் சொன்னார்: ஆயுள்.

ஒன்பது மாதம் அதற்குள் அரிசி வைத்திருந்தார்.
எலி நுழையாதாம்.

தொண்ணூறாம் ஆண்டு, ஆவணி.
வாவிக்கரையில் ஒதுங்கிய பொடியனை
ஆரென்று ஒருவரும் சொல்லவில்லை.
ஷியே குனிந்து உதட்டை விலக்கினார்.
"மேல் முன்பல் நான் வைத்தது.
தங்கப்பிள்ளையின் மகன்."

கடைகள் பூட்டு. எங்களிடம் பலகை இல்லை.
அரிசியைச் சாக்கில் கொட்டிவிட்டு
பெட்டியைக் கொடுத்தார்.
பத்தொன்பது வயதின் தலைமாட்டில்
என் கையெழுத்தில்
ஆயுள்.

தை பிறந்து திரும்பவும் வந்தார். அதே அளவு.
எண்பது முடிந்திருந்தது.
சிவப்பு டின்னை எடுத்தேன்.
"கறுப்பு" என்றார்.

எழுத்து?

ஓடாவியின் உளிச்சத்தம் ஓயும்வரை
பேசாமல் நின்றார்.
"எழுது. சின்னதாக."