பக்கக்கட்டை

பல்லுக்கு அச்செடுப்பது என் வேலை.
இருபத்தொரு வருடமாய்ப் பிறர் வாய்களுக்காக
அரை மில்லிமீற்றரைத் தேய்த்துக்கொண்டிருந்தவன்
பதினாலு அடிக்குப் பலகை வாங்கப் போனேன்.

காத்தான்குடியில், றபாய்தீன் கடையில்
மரைன் பிளைவுட், நாலங்குலக் குழாய்,
மூடி ரெண்டு, றெசின் ஐந்து கிலோ.
"வீட்டு வேலையா, டொக்டர்?"
நான் டொக்டர் இல்லை. "தோணி" என்றேன்.
கொஞ்சம் பார்த்துவிட்டு
பில்லில் "கூரை" என்று எழுதினார்.

வரைபடம் இருந்தது,
கொப்பியின் நடுத்தாளில், நானே கீறியது.
அதில் எல்லாம் பொருந்தின.
தாளில் தண்ணீர் இல்லை என்பது
மூன்றாம் மாதம்தான் உறைத்தது.

பலகையைப் பலகையோடு செப்புக்கம்பியால் தைத்தேன்.
முறுக்கிய நுனிகள் வரிசையாய்ப் பல்லிளித்தன.
றெசினையாவது எனக்குத் தெரியும் என்றிருந்தேன்:
வெயிலில் அவசரப்படும், மழை நாளில் முரண்டும்,
கலந்தபின் கதை கேட்காது.
வேலையில் ஒரு கரண்டி கலக்கிறவன்
வீட்டில் ஒரு வாளி கலந்தேன்.
அது கொதித்தது, புகைந்தது,
கையைவிட்டுப் போய்க் கவிழ்ந்த இடத்தில்
யோகலெட்சுமியின் கறிவேப்பிலைக் கன்று நின்றது.
தோணியின் செலவுக் கணக்கில் இன்னும் அது இருக்கிறது,
அவளுடைய எழுத்தில்.

பக்கத்தில் மிதக்கும் கட்டைக்கு என்ன பெயர்?
மீன்வாடியில் கேட்டேன். ஒருவர் ஒன்று சொன்னார்,
அது சிங்களம் என்றார் மற்றவர்.
மூன்றாமவர் வலையிலிருந்து தலை தூக்காமல்
"அது இல்லாமத்தான் நாங்க போறம்" என்றார்.
பக்கக்கட்டை என்று நானே வைத்துக்கொண்டேன்.
கட்டையுமில்லை அது. குழாய்.
இரண்டு முனையும் மூடி, கொஞ்சக் காற்றை உள்ளே பூட்டி,
கமுகஞ் சிலாகை இரண்டால் எட்ட நிறுத்தினேன்.

ஆணி எடுத்த அன்று யோகலெட்சுமி
தையல் நாடாவோடு வந்தாள்.
கேற் ஐந்தடி.
கட்டையோடு தோணி ஏழடி.
ஒன்றும் சொல்லவில்லை, நாடாவைச் சுருட்டினாள்.
அதனால்தான் கயிறு.
கேட்பவர்களிடம், கயிறு வளைந்து கொடுக்கும்,
அலைக்கு நல்லது என்று சொல்லி வருகிறேன்.

பாய்க்கு ரியூசன் பனர்.
உயர்தரம், இரசாயனவியல், போன வருட அணி.
சேரின் முகம் சரியாகக்
காற்றுப் பிடிக்கும் இடத்தில் வந்தது, தலைகீழாய்.

ஆனி மாதம். கச்சான் அடித்தது.
புளியந்தீவுக் கரையில் ஆறு பேர் இறக்கினார்கள்,
ஏழாமவர் வீடியோ எடுத்தார்.
முதலில் கட்டையைச் சுற்றியே வந்தது,
முளையில் கட்டிய மாடு மாதிரி.
பிறகு சேரின் கன்னம் உப்பியது.

அப்போது அடியில் ஒரு மாற்றம்.
இதுவரை நான் சுமந்ததெல்லாம்
என்னைச் சுமந்தது.
கட்டை ஒரு சாண் எழும்பி, யோசித்து, இறங்கியது.
நான் சத்தம் போட்டேன். என்ன சொன்னேன், தெரியாது.

நடுவில் கால்விரல் நனைந்தது.
முன் தையலில் ஊசித்துளை.
சட்டைப் பையில் வேலையிடத்து மெழுகு கிடந்தது, இளஞ்சிவப்பு.
எச்சில் தொட்டு அழுத்தினேன்.
பத்து நிமிடம் நின்றது.
பத்து நிமிடத்தில் கல்லடி வந்துவிட்டது.

திரும்பத்தான் தெரியவில்லை.
பாயை இழுத்தேன், தளர்த்தினேன், கெஞ்சினேன்.
தோணிக்கு ஒரு திசை மட்டும் செய்து வைத்திருக்கிறேன்.
கண்டல் வேரில் கட்டிவிட்டு
சவளைத் தோளில் போட்டுக்கொண்டு
பழைய இரும்புப் பாலத்தால் நடந்தேன்.
தூண்டில் போட்டிருந்த பொடியன் கேட்டான்:
"தோணி எங்க, மாமா?"
கையைக் காட்டினேன்.
தூரத்தில் அது அளவாக, அழகாகத் தெரிந்தது,
கொப்பியில் கீறியதைப் போலவே.

வாசலில் யோகலெட்சுமி.
இடுப்புவரை ஈரத்தைப் பார்த்தாள்.
"காத்துத் திரும்பினாத்தான் அது வரும்" என்றேன்.
"வாடை எப்ப?"
"ஐப்பசி, கார்த்திகை."
"சரி, அதுவரைக்கும் அங்கயே கிடக்கட்டும்.
கேற்றடி வெறுமையாக் கிடக்கு,
நான் கறிவேப்பிலை நடப்போறன்."