ஒன்றரைச் சாண்

ஹெல்சிங்கியிலிருந்து நகோயாவுக்கு
நூல் பிடித்து அளந்தவள் சாய்மி.
வயது ஆறு அப்போது.
பூமி உருண்டைமேல் சிவப்புக் கம்பளி நூல்,
இந்த முனையில் என் விரல், அந்த முனையில் அவள் விரல்,
இடையில் ரஷ்யா முழுக்க.
ஒன்பதரை மணி நேரம் என்றேன்.
"ஒரு தூக்கம்" என்று நறுக்கிக்கொண்டாள்.
அப்பா வீடு எவ்வளவு தூரம் என்று யார் கேட்டாலும்
பையிலிருந்து எடுத்துக் காட்டுவாள்:
இவ்வளவு.

பிறகொரு பிப்ரவரியில்
வானத்துக்கு வேலி போட்டார்கள்.

எனக்கு வாந்தாவில் வேலை, ஜன்னலில்லாத அறை.
விமானங்களுக்கு வழி எழுதுகிறேன்.
கோடு எங்கே வளையும், காற்று எவ்வளவு தள்ளும்,
ஏற்றிய எண்ணெயைச் சுமக்க
இன்னும் எவ்வளவு எண்ணெய்.
அந்த வாரம் யாரும் சரியாக வீடு போகவில்லை.
உர்ஹோ காலிக் கோப்பையைக் கவிழ்த்து வைத்து
அதன் அடியைத் தட்டினான்: "வட துருவம்."
யாரும் சிரிக்கவில்லை.

பதின்மூன்று மணி நேரம்.
இரண்டு ஊரும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன.

"நகோயா நகர்ந்துபோச்சா?"
இல்லை.
"பின்னே நூல் ஏன் பத்தலை?"
துருவத்தின் மேலாக இழுத்துப் பார்த்தாள்.
அலாஸ்கா தாண்டி நடுக்கடலில் முனை ஆடியது.
பின்னி முடிக்காத கையுறையிலிருந்து
பச்சையில் ஒரு துண்டு ஒட்டுப் போட்டேன்.
முடிச்சு விழுந்தது
இன்று நேற்றாகும் கோட்டுக்குப் பக்கத்தில்.

இப்போது ஒன்பது வயது.
கழுத்தில் அட்டை மாட்டி, முதல் தடவை தனியாக.
அன்றிரவு அந்த விமானத்துக்கு நான்தான் எழுத வேண்டியிருந்தது.
துருவத்தின்மேல் இறங்க நேர்ந்தால் போட்டுக்கொள்ள
கனத்த உடை இரண்டு உண்டு உள்ளே.
முந்நூறு பேருக்கு இரண்டு.
பதினொரு வருடமாகத் தெரிந்த கணக்கு,
அன்றுதான் படித்தேன்.

அறுநூறு கிலோ எண்ணெய் கூடுதலாகப் போட்டேன்.
காரணம் என்ற கட்டத்தில்
காற்று என்று எழுதினேன்.
அன்றைக்குக் காற்றே இல்லை.
கேப்டன் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
கையெழுத்துப் போட்டார்.

காலையில் கஸுனோரியின் செய்தி:
வந்துவிட்டாள். வழியெல்லாம் தூக்கமாம்.
துருவம் தாண்டியதற்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள்,
அதைக்கூடப் பார்க்க மாட்டேன் என்கிறாள்.
நூலை இருக்கையில் விட்டுவிட்டாளாம். ஒரே அழுகை.

விமானம் திரும்பிக்கொண்டிருக்கிறது.
வருவது தெற்கு வழி, காஸ்பியன் கடல் சுற்றி.
போன வழி வேறு, வரும் வழி வேறு;
உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றி
ஓர் இருக்கை இடுக்கில் வருகிறது அது.

துப்புரவுக் குழுவின் லெம்பியைப் போனில் பிடித்தேன்.
நாற்பத்தொன்று ஏ, ஜன்னல் பக்கம்.
சிவப்பு நூல், ஒரு முனை மட்டும் பச்சை.

"எவ்வளவு நீளம்?" என்றாள், பேனாவைத் தேடியபடி.

கிலோமீட்டர் வாய் வரை வந்தது.
ஒன்றரைச் சாண் இருக்கும் என்றேன்.