ரோடு இருக்கா

மூன்று நாற்பதுக்கு முதல் போன்.
பெயர் இல்லை, வணக்கம் இல்லை.
"ரோடு இருக்கா?"

கீழே போடியில் ஜீப்பை உறுமவிட்டபடி
மொக்கராசு கேட்பது
கடையில் வெல்லம் இருக்கா என்று
கேட்பதுபோலத்தான் இருக்கும்.

இதற்கு எனக்குச் சம்பளம் கிடையாது.
காய் ஸ்டோரில் ராத்திரி வேலை.
பச்சை ஏலக்காய் சுருங்கிக் காயும்வரை
அடுப்புக்கு விறகு கொடுக்கணும், கண் அசரக்கூடாது.
போடிமெட்டில் அந்நேரம் விழித்திருப்பது
நானும் செக்போஸ்ட் பினோயும்தான்.
பினோய் எடுக்கமாட்டான்.
எடுத்தாலும் "நோக்கட்டே" என்று வைத்துவிடுவான்.
அப்படித்தான் என் நம்பர்
பதினோரு ஜீப்புக்குப் பரவியது.

பார்ப்பதற்கு எனக்கொரு முறை உண்டு.
எதிரே தெருவிளக்கடியில் டிரான்ஸ்பார்மர்,
அதில் மண்டையோட்டுப் பலகை.
பல் தெரிந்தால் வரலாம்.
பலகை மட்டும் தெரிந்தால் ஹாரன் அடித்து மெல்ல வரலாம்.
பலகையே இல்லை என்றால்
"டீ குடிச்சிட்டு அரைமணி கழிச்சுக் கூப்பிடு."
மழைக்கு வேறு கணக்கு.
ஓடை வெள்ளையாக இரைந்தால் பயமில்லை.
சத்தம் அடங்கிச் செம்மண் குழம்பாக வந்தால்
மேலே எங்கோ மலை பிடியை விட்டிருக்கிறது.

ரோடு மூடிய செய்தி
தேனி ஆபீசிலிருந்து ஒன்பது மணிக்கு வரும்,
முத்திரையோடு.
தோட்டத்தில் எட்டுக்கே பேர் எடுத்துவிடுவார்கள்.
இடையில் இருக்கிற இருட்டுக்கு
நான்.

கார்த்திகை இருபத்திமூணு. புயல் சின்னம் என்றார்கள்.
அன்றைக்குப் பல் தெரிந்தது. ஓடை வெள்ளை.
"இருக்கு, வா" என்றேன்.
நாலரைக்கு ஒரு சத்தம்,
இடி மாதிரி இல்லை,
கனத்த சாக்கை யாரோ தரையில் இழுக்கிற மாதிரி.

கூப்பிட்டேன்.
ஒன்பதாம் வளைவுக்கு மேல் எந்தக் கம்பெனிக்கும் டவர் இல்லை.
அடுப்பை அப்படியே போட்டுவிட்டு
டார்ச்சோடு இறங்கினேன்.
பதினேழு, பதினாறு, பதினைந்து,
வளைவுக்கல்லை எண்ணிக்கொண்டே.
ஜீப்பில் பதினாலு பேர்.
பாதிப்பேருக்கு முகம் எனக்குத் தெரியாது,
மொக்கராசு பேசும்போது பின்னால் கேட்கிற சிரிப்புதான் தெரியும்.

பன்னிரண்டில் ரோடு இல்லை.
வேரோடு ஒரு யூக்கலிப்டஸ், அதன்மேல் பாறை,
இன்னும் நகர்ந்துகொண்டிருந்த சேறு.
"மொக்கராசு" என்று கத்தினேன்.
வாங்கிய கடனைத் தராதவனைக்கூட
நான் அப்படிக் கூப்பிட்டதில்லை.

அந்தப் பக்கம் ஒரு வெளிச்சம் ஆடியது.

கீழ்வளைவில் செவனம்மாவுக்கு வாந்தி.
நிறுத்தி, வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்து,
எலுமிச்சம்பழம் யார் பையில் என்று தேடி,
இடத்துக்குச் சண்டைபோட்டு ஏறி உட்காரும்போது
மலை இறங்கியிருக்கிறது.

சேற்றுக்கு அப்பாலிருந்து ஒருத்தி:
"இருக்குன்னியே, இதுவா?"
கோபமா சிரிப்பா, இருட்டில் பிரிக்க முடியவில்லை.
இன்னொருத்தி: "அப்ப இன்னைக்குக் கூலி?"
அதற்கப்புறம் பேச்சு முழுக்க
அதைப் பற்றித்தான்.

நான் ஏறி வந்தபோது அடுப்பு அணைந்து
இருபது கிலோ காய் பச்சை போய் வெளுத்திருந்தது.
முதலாளி என் கணக்கில் எழுதிக்கொண்டார்.

பத்து நாள் கம்பம்மெட்டு வழியாகச் சுற்றிப் போனார்கள்.
பத்து நாளும் மூன்று நாற்பதுக்கு
போன் அடிக்கவில்லை.
ஆனாலும் சன்னலைத் திறந்து
பல் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு
விறகெடுக்கப் போவேன்.

மார்கழி பிறந்து நாலாம் நாள் அடித்தது.
"ரோடு இருக்கா?"
"நான் பார்த்தப்போ இருந்துச்சு."
கொஞ்ச நேரம் ஜீப் உறுமல் மட்டும்.
"செவனம்மா வந்திருக்காளா?"
"முன்சீட்டுல."
"சரி, வா."