பக்கத்து நோட்டு

சோமனூர். ஒன்பதாம் வகுப்பு, ஆ பிரிவு.
நோட்டை மாற்றிக்கொள்ளச் சொன்னார் டீச்சர்,
பென்சிலால் மட்டும் திருத்த வேண்டும்.
எனக்கு வந்தது துளசிமணியுடையது.

'விடுமுறை நாட்கள்
கூலி கேட்டுத் தறிய நிறுத்துனாங்க.
முப்பத்திரெண்டு நாள் லீவு.
சத்தம் இல்லாம அப்பனுக்குத் தூக்கம் வர்லை.
அம்மாளுக்கு ஒரே வெசனம்.'

முப்பத்திரெண்டைச் சுழித்தேன்.
வர்லையை இழுத்து வரவில்லை ஆக்கினேன்.
வெசனத்தை அடித்து, மேலே
கவலை என்று எழுதினேன்.
கவலை என்றால்
பரீட்சைக்கு முந்தின ராத்திரி வருவது.
இது அதில்லை.
ரப்பரை எடுத்து அழுத்தித் தேய்த்ததில்
தாள் லேசாகக் கிழிந்தது.
வெசனம் அங்கேயே கிடந்தது,
பேனாவில் எழுதியது.

என் நோட்டு திரும்பி வந்தது.
நாலு பக்கம். ஊட்டி, படகு, வர்க்கி.
ஒற்றுப்பிழைகூட இல்லையாம்.
'எங்கள் வீட்டில் எப்போதும்
மகிழ்ச்சியாக இருப்போம்' என்ற வரிக்குப் பக்கத்தில் மட்டும்
பென்சிலில், சின்னதாக,
ஒரு கேள்விக்குறி.

அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும்
ஒரே சுவர்தான்.
தறி ஓடாத அந்த முப்பத்திரண்டு ராத்திரியும்
எல்லாம் கேட்டிருக்கும்.