சும்மா இருக்கையில் மூன்று வோல்ட்

ஓஷ்பெய் முழங்கால் மாற்றிக்கொண்டு
லியுப்லியானா ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.
போஹின் ஏரிக்கரையில் அவருடைய தேன்பெட்டிகள் பதினொன்று.
ஏழாம் பெட்டிக்கு அடியில் ஒரு தராசு,
தராசுக்குள் நகமளவு கணினி,
அதற்குச் சோறு போட
சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி.
மணிக்கொரு தரம் விழித்து எடையைச் சொல்லிவிட்டு
மறுபடி தூங்க வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம்.

டிசம்பர் ஒன்பதிலிருந்து பேச்சில்லை.

"செத்தது தேனீயா தராசா,
அதை மட்டும் சொல்" என்றார் போனில்.
யெர்னேயா முழங்காலளவு பனியில் இறங்கிப் போனாள்.
பெட்டியின் முகப்பில் யாரோ எப்போதோ தீட்டிய படம்:
ஒரு பெண்ணின் நாக்கைச் சாணைக்கல்லில் பிடித்து
பிசாசு கூர்தீட்டிக்கொண்டிருக்கிறது.
அந்தப் பிசாசின் வயிற்றில் காதை வைத்தாள்.
உள்ளே, மிகச் சன்னமாக, ரீங்காரம்.
அப்படியானால் தராசுதான்.

கோட்டுக்குள் அணைத்துக் கொண்டுவந்து
சமையல் மேசையில் வைத்தால்
வாயாடி மாதிரிப் பேசுகிறது.
மீட்டரில் மூன்று வோல்ட்.
புதுப் பேட்டரி போட்டாள். அதே மூன்று.
ஒயர்களை ஆட்டினாள், சாலிடரை மறுபடி உருக்கினாள்,
நிரலை வரிவரியாகச் சந்தேகப்பட்டாள்;
எழுதியவள் அவளேயானதால் கொஞ்சம் கூடுதலாகவே.
வெளியே கொண்டுபோனால் ஊமை.
உள்ளே வந்தால் வாய்.

மூன்றாம் ராத்திரி உறைபெட்டியைத் திறந்தாள்.
பட்டாணிப் பைக்கும் பாதி மீன் ஒன்றுக்கும் நடுவில்
அதைக் கிடத்தி,
கதவிடுக்கு வழியே இரண்டு ஒயரை வெளியே இழுத்து
ஆசிலோஸ்கோப்பில் மாட்டினாள்.
டிலென் வந்து ஐஸ்கிரீம் கேட்டான்.
"தொட்டால் கொன்றுவிடுவேன்."

வெகுநேரம் நேர்கோடு.
பிறகு அது விழித்தது.
ரேடியோ வாயைத் திறந்த கணத்தில்
மூன்றில் நின்ற கோடு தொபுக்கென்று
இரண்டரைக்கும் கீழே போய் மீண்டது.
நாற்பது மில்லிசெகண்ட்.
புள்ளி வைத்த எழுத்தின் அரை மாத்திரைகூட இல்லை.
சராசரியிலேயே வாழ்கிற மீட்டர்
இதை எப்படிப் பார்த்திருக்கும்?

குளிரில் பேட்டரிக்கு
கொடுக்க மனமிருக்கிறது, கை வருவதில்லை.
ரேடியோவோ யானைப் பசி.
இரண்டு புள்ளி ஏழுக்குக் கீழே போனால் மடக்க
சிப்புக்குள் ஒரு காவல்காரன் உண்டு:
அரைமயக்கத்தில் எதையும் செய்யாதே,
முதலிலிருந்து தொடங்கு.
தொடங்கினால் முதல் வேலை, வணக்கம் சொல்வது.
வணக்கம் சொல்ல ரேடியோ வேண்டும்.
விழுந்தது. எழுந்தது.
வணக்கம் சொல்லப் போனது. விழுந்தது.

நினைவகத்தின் ஓரத்தில் அதற்குக் கணக்கு இருந்தது:
ஆறாயிரத்து எண்பத்திரண்டு தடவை.

தகவல் வாங்கும் கருவி கழித்துப்போட்ட குப்பையைக்
கிளறிப் பார்த்தாள்.
வந்திருக்க வேண்டியது 'ஷிவ்யோ'.
அந்த ஊர் வணக்கம் அது;
உயிரோடிருப்பதற்கான சொல்லின் வயிற்றில் பிறந்தது.
வந்திருந்ததெல்லாம்
ஷ்
ஷ்
ஷ்

மெய் வந்திருக்கிறது. உயிர் ஏறவில்லை.

வணக்கத்தை வெட்டினாள்.
காவல்காரனின் கோட்டை ஒன்று புள்ளி எட்டுக்கு இறக்கினாள்.
பேட்டரியோடு ஒட்டி ஒரு கெப்பாசிட்டர்;
சொட்டுச் சொட்டாய்ச் சேர்த்து
ஒரே மடக்காய்க் கொடுக்க.
கடைசியாக, பச்சை விளக்கு.
'எல்லாம் நலம்' என்று சொல்வதற்கென்றே
ஆகஸ்டில் ஆசையாக அவள் வைத்தது.
அளந்து பார்த்தால்
வீட்டிலேயே அதிகம் தின்றது அதுதான்.
குறடால் நறுக்கினாள். சின்னச் சத்தம்,
எங்கோ அடுப்படியின் மூலையில் போய் விழுந்தது.

மைனஸ் பதினாலில் மறுபடி பெட்டிக்கு அடியில்.
நாலு பத்துக்கு ஒரு எண் வந்தது:
முப்பத்தொரு கிலோ நானூறு.
"நேற்று எவ்வளவு?" என்றார் ஓஷ்பெய்.
நேற்று கிடையாது என்றாள்.

மறுநாள் அதே நேரம்
முப்பது கிராம் குறைவு.
"தின்கின்றன!" என்று
பக்கத்துக் கட்டில்காரரை எழுப்பிச் சொன்னாராம்.